"டோட்டல் லாஸ்" என்றால் முடிந்து போயிற்றா?

கார் என்றால் பணக்காரர் வீட்டுச் சாமான் என்று இருந்தது ஒரு காலம். இன்று அப்படி இல்லை. வாடகைக் கார் ஓட்டி வீட்டில் நாலு வயிற்றை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாங்கியில் கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டி, சின்னக் கார் ஒன்று வாங்கிய வாத்தியார்கள் இருக்கிறார்கள். வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கென்றே பழைய கார் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு.

அந்தக் கார் ஒரு நாள் அடிபடுகிறது. லாரி இடிக்கிறது. அல்லது மழை வெள்ளத்தில் மூழ்குகிறது. ஆள் பிழைத்தால் போதும் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!

சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வருகிறது.

"உங்கள் வண்டி டோட்டல் லாஸ். ரிப்பேர் செய்து பிரயோசனம் இல்லை. இன்ன தொகை தருகிறோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்."

இதைக் கேட்டதும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கோர்ட்டுத் தீர்ப்பைக் கேட்டவர்கள் போல நின்றுவிடுகிறார்கள். "பெரிய கம்பெனி. படித்தவர்கள். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இது தீர்ப்பு அல்ல. இது ஒரு கணக்கு. மளிகைக் கடைக்காரர் மொத்தம் இவ்வளவு என்றால், "எங்கே, கூட்டிக் காட்டு" என்று கேட்கிறோம். கம்பெனியிடமும் அதையே கேட்கலாம். கேட்க வேண்டும்.

கப்பலில் பிறந்த சொல்

"டோட்டல் லாஸ்" என்பது கப்பல் வியாபாரத்தில் பிறந்த பேச்சு. கப்பல் அடியோடு மூழ்கிப் போனால் அது முழு நஷ்டம். தரை தட்டிக் கிடக்கிறது, ஆனால் மீட்டு ரிப்பேர் செய்ய ஆகும் செலவு கப்பலின் விலையையே மிஞ்சிவிடும் என்றால், அதையும் முழு நஷ்டமாகவே பாவிப்பார்கள். நம் நாட்டில் 1963-ம் ஆண்டின் கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது.

கப்பலுக்கு இருந்த அந்த ஏற்பாடு பிறகு காருக்கும் வந்தது. ஆனால் காருக்கு அளவு வேறு. ரிப்பேர் செலவு காரின் முழு விலையைத் தாண்ட வேண்டியதில்லை. முக்கால் பங்கைத் தாண்டினாலே போதும்!

பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். "ஐ.டி.வி." என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் வண்டியின் மதிப்பு என்று பாலிசி எடுத்த அன்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை அது. வண்டியை மீட்டு வரவும் ரிப்பேர் செய்யவும் ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளின்படி, அந்தத் தொகையில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் டோட்டல் லாஸ். தாண்டாவிட்டால் இல்லை.

"பாலிசி நிபந்தனைகளின்படி" என்ற இரண்டு வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

ஒருவரிடம் மூன்று வயது தாண்டிய கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ரகத்துப் புதுக் காரின் கம்பெனி விலை 7,00,000 ரூபாய். மூன்று வயதுக்கு மேல், நான்கு வயதுக்குள் உள்ள காருக்கு மோட்டார் இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி நூற்றுக்கு 40 கழிக்க வேண்டும். மிச்சம் 4,20,000. அதுதான் ஐ.டி.வி. அதில் முக்கால் பங்கு 3,15,000. இதுதான் எல்லைக் கோடு.

கார் அடிபட்டு ஒர்க் ஷாப்புக்குப் போகிறது. அங்கே 3,60,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதுகிறார்கள். "பார்த்தீர்களா, கோட்டைத் தாண்டிவிட்டது. டோட்டல் லாஸ்!" என்கிறார்கள்.

அவசரப்படக் கூடாது. ஒர்க் ஷாப்பின் எஸ்டிமேட் வேறு. பாலிசிப்படி கம்பெனி கொடுக்க வேண்டிய தொகை வேறு. புதுச் சாமான் போடும்போது, பழைய சாமானின் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் கம்பெனி பணம் தரும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி கழிவு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புச் சாமான்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. இந்த வயதுக் காருக்கு நூற்றுக்கு 25.

நம் காரின் எஸ்டிமேட்டில் இரும்புச் சாமான் 1,60,000 என்று வைப்போம். 25 சதவீதம் போனால் 1,20,000. பிளாஸ்டிக், ரப்பர் 80,000. பாதி போனால் 40,000. கண்ணாடி 40,000. அது அப்படியே நிற்கும். கூலி 80,000. (பெயிண்டுக்குத் தனிக் கழிவு உண்டு. கணக்குச் சிக்காமல் இருக்க அதை விட்டுவிடுவோம்.) எல்லாம் கூட்டினால் 2,80,000. இதில் சொந்தக்காரர் கட்டாயமாக ஏற்க வேண்டிய முதல் தொகை ஒன்று உண்டு. 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அது 1,000 ரூபாய். அதையும் கழித்தால் 2,79,000.

எல்லைக் கோடு 3,15,000. கம்பெனியின் பொறுப்பு 2,79,000. கோட்டைத் தாண்டவே இல்லை!

அப்படியானால் இந்தக் கார் டோட்டல் லாஸ் அல்ல. எஸ்டிமேட் காகிதத்தைக் காட்டி மிரண்டு போகச் செய்தால், மிரள வேண்டியதில்லை. "சர்வேயர் கழிவு போக எவ்வளவு மதிப்பிட்டார்? அந்தத் தாளைக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

தேய்மானமே கழிக்கக் கூடாது என்று கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசி எடுத்தவர்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்குக் கம்பெனியின் பொறுப்பு 3,59,000 ஆகிவிடும். கோட்டைத் தாண்டிவிடும். அதிகப் பணம் கட்டியவர் கார் சீக்கிரம் டோட்டல் லாஸ் ஆகிறது. வேடிக்கைதான்!

கம்பெனிக்கு என்ன லாபம்?

"டோட்டல் லாஸ் என்றால் கம்பெனி முழுத் தொகையும் அல்லவா கொடுக்க வேண்டும்? அதை ஏன் அவர்களே விரும்பப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முழுத் தொகையும் கொடுப்பதில்லை. பாலிசியில் எழுதியிருப்பது என்ன? ஐ.டி.வி.யில் உடைந்த வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாம். உடைந்த வண்டிக்கு "சால்வேஜ்" என்று பெயர். அதை வாங்குவதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். கம்பெனி அவர்களிடம் விலை கேட்கிறது. இப்போது அந்த ஏலம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் மூலமே நடக்கிறது.

நம் காரின் உடைசலுக்கு ஒரு வியாபாரி 1,80,000 ரூபாய் சொன்னார் என்று வைப்போம். கம்பெனி கணக்குப் போடுகிறது. ரிப்பேர் என்றால் தன் கையிலிருந்து 2,79,000 போகும். டோட்டல் லாஸ் என்றால் 4,20,000-ல் 1,80,000-ஐயும் அந்த 1,000-ஐயும் கழித்து 2,39,000 கொடுத்தால் போதும். 40,000 ரூபாய் மிச்சம்.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. வியாபாரி லாபம் பார்ப்பான். ஆனால் வாடிக்கைக்காரருக்கும் லாபம் பார்க்கத் தெரிய வேண்டும் அல்லவா?

இப்போது சொந்தக்காரர் பக்கம் பாருங்கள். ரிப்பேர் என்றால் அவர் கைப்பணம் 81,000 போகும். ஓடுகிற கார் கையில் இருக்கும். டோட்டல் லாஸ் என்றால் கம்பெனி தருவது 2,39,000. உடைசலை அந்த வியாபாரி நிஜமாகவே 1,80,000-க்கு வாங்கிக்கொண்டால், ஆக மொத்தம் 4,19,000. மோசம் இல்லை. அதே வயதில் வேறொரு கார் வாங்கலாம்.

வாங்கிக்கொண்டால்! அங்கேதான் கோளாறு.

கழிப்பது காகிதத்தில், விற்பது தெருவில்

கம்பெனி 1,80,000 என்று காகிதத்தில் எழுதிக் கழித்துக்கொண்டுவிட்டது. பிறகு சொந்தக்காரர் அந்த வியாபாரியைக் கூப்பிடுகிறார். "அப்போது சொன்ன விலை அது. இப்போது மார்க்கெட் இறங்கிப் போச்சு. 1,20,000 தருகிறேன்" என்கிறார் அவர். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் அதைவிடக் குறைத்துக் கேட்கக்கூடும். கதவு வேறு, இஞ்சின் வேறு, கியர் பாக்ஸ் வேறு என்று பிரித்து விற்கிறவர்களுக்கு முழுக் காரின் விலையைப் பற்றிக் கவலை இல்லை.

60,000 ரூபாய் காற்றோடு போயிற்று. யார் பொறுப்பு? கம்பெனி கையை விரிக்கிறது.

இந்த இடத்தில் குடும்பங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். உடைசலின் விலையைக் கழிக்கிற கம்பெனி, அந்த விலைக்கு வாங்கும் ஆளையும் காட்ட வேண்டும். வியாபாரியின் பெயர், விலாசம், அவர் சொன்ன விலை, எத்தனை நாள் வரை அந்த விலைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அந்த விலைக்கு நான் விற்கத் தயார். உங்கள் ஆள் பணத்தோடு வரட்டும். அவர் வராவிட்டால், வருகிற விலையை மட்டும் கழியுங்கள்" என்று சொந்தக்காரர் ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும். அல்லது, "உடைசலை நீங்களே எடுத்துக்கொண்டு முழு ஐ.டி.வி.யையும் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

பாங்கிக் கடன் இருந்தால் நிலைமை இன்னும் சங்கடம். கம்பெனி தரும் பணம் முதலில் பாங்கிக்குத்தான் போகும். கடன் பாக்கி 3,00,000 என்றால், 2,39,000-ம் அங்கே போய்விடும். சொந்தக்காரர் கையில் காசு வராது. உடைசல் மட்டும் வரும். மேலும் 61,000 ரூபாய் பாக்கி நிற்கும். கார் போய்விட்டது. கடன் போகவில்லை! அந்தக் காரை ஓட்டித்தான் தவணை கட்டி வந்தார் என்றால், அந்த வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரிவது எப்படி?

ஆகவே கடன் உள்ளவர்கள் சம்மதம் சொல்வதற்கு முன் பாங்கிக்குப் போய்ப் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் உடைசலை முறைப்படி பெயர் மாற்றி விற்கவும் முடியாது.

மழை வெள்ளக் கார்கள்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு தடவையும் தெருவில் நின்ற கார்களும், அடுக்கு மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் நின்ற கார்களும் தண்ணீரில் மூழ்கின.

வெள்ளக் காரில் வெளிக் காயம் தெரியாது. ஆனால் தண்ணீர் ஸ்டீயரிங் உயரத்துக்கு ஏறிவிட்டால் உள்ளே ஓடும் ஒயர்களும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் கெட்டுப் போகும். இப்படிப்பட்ட காரை டோட்டல் லாஸ் என்று சொன்னால், ஒத்துக்கொள்வதே பல சமயம் நல்லது என்பது நம் அபிப்பிராயம். ரிப்பேர் செய்து வாங்கினாலும், ஆறு மாதம் கழித்து நடு ரோட்டில் நின்றுவிடலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகினால், இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே ராடு வளைந்துவிடும். "வெள்ளம் கெடுத்ததற்குப் பணம் தருவோம். நீங்கள் ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குத் தர மாட்டோம்" என்று கம்பெனி சொல்லும். இஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் தண்ணீர்க் கோடு தெரியும்படி நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. புத்தகம் பத்திரம்!

பணம் வந்தது. உடைசலை வியாபாரி எடுத்துக்கொண்டு போனார். விஷயம் முடிந்தது என்று தூங்கப் போகலாமா?

கூடாது. வியாபாரி போகும்போது ஆர்.சி. புத்தகத்தையும், 29, 30 நம்பர் பாரங்களில் வெற்றுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று சொல்லியிருப்பார். அந்த உடைசலை எங்கேயோ தட்டிக் கொட்டி ஓட வைத்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாறியிருக்காது. உங்கள் பழைய பாலிசியும் டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததோடு தீர்ந்து போயிருக்கும். அந்தக் கார் ஒரு நாள் யாரையாவது அடித்துப் போட்டால், நோட்டீசு யார் வீட்டுக்கு வரும்?

உங்கள் வீட்டுக்கு!

இது பயமுறுத்தல் அல்ல. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டி கை மாறிவிட்டாலும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். விபத்தில் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.

இன்னொரு மோசடியும் உண்டு. திருட்டுக் காருக்கு ஆர்.சி. வேண்டும். உடைந்த காரின் ஆர்.சி.யை வாங்கி, அதன் சேஸ் நம்பரைத் திருட்டுக் காரில் பொறித்துவிடுகிறார்கள். வட இந்தியாவில் போலீசார் இப்படிப்பட்ட கும்பல்களைப் பிடித்தது உண்டு.

வண்டி இனி ஓடவே ஓடாது என்றால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்துச் செய்ய வேண்டும் என்று 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் (55-வது பிரிவு) சொல்கிறது. அப்படிச் செய்தால் நிம்மதி. ஆர்.சி.யோடுதான் வியாபாரி வாங்குகிறார் என்றால், பாரங்களில் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய ஆதார் நகலை வாங்குங்கள். விற்ற விவரத்தை நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

ரிப்பேர்தான் வேண்டும் என்றால்

கணக்குக் கோட்டைத் தாண்டவில்லை என்றால், ரிப்பேர் செலவைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. கோட்டை ஒட்டி நிற்கிறது என்றால், இன்னொரு நல்ல ஒர்க் ஷாப்பில் இரண்டாவது எஸ்டிமேட் வாங்குங்கள். சில இடங்களில் மாற்ற வேண்டாத சாமானையும் மாற்ற வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். தட்டி நிமிர்த்தக்கூடிய கதவுக்குப் புதுக் கதவு என்று போட்டால், எஸ்டிமேட் ஏறத்தான் செய்யும். சர்வேயர் வண்டியைப் பார்க்க வரும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எது ரிப்பேர், எது மாற்றம் என்று அவர் எழுதுவதைக் கேளுங்கள்.

கணக்கு நிஜமாகவே கோட்டைத் தாண்டிவிட்டால், பாலிசியின் எழுத்து கம்பெனி பக்கம் நிற்கிறது. அப்போதும் காரை விட மனம் இல்லை என்றால், உடைசல் விலை போக மீதியை வாங்கிக்கொண்டு, வண்டியை நீங்களே வைத்துச் சொந்தச் செலவில் ரிப்பேர் செய்யலாம். அப்பா வாங்கிய கார் என்று பாசம் இருக்கும். அது அவரவர் இஷ்டம். ஆனால் ரோட்டில் எடுப்பதற்கு முன் புதுப் பாலிசி எடுத்தாக வேண்டும். வண்டியைப் பார்த்த பிறகுதான் கம்பெனிகள் அதைக் கொடுக்கும்.

இதற்குள் ஒர்க் ஷாப்காரர், "வண்டி சும்மா நிற்கிறது. நாள் வாடகை இவ்வளவு" என்று ஆரம்பிப்பார். முதல் நாளே அதைப் பற்றிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். தாமதம் கம்பெனியால் என்றால், அதையும் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறோம். பாலிசி எடுத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது, ஆகவே வண்டியின் விலை இறங்கிவிட்டது என்று சொல்லி ஐ.டி.வி.யைக் குறைக்கப் பார்ப்பார்கள். செல்லாது! பாலிசிக் காலம் முழுவதும், டோட்டல் லாஸ் கணக்குக்கு, மேற்கொண்டு தேய்மானம் கழிக்காமல் அந்த ஐ.டி.வி.தான் வண்டியின் மதிப்பு. அந்த மதிப்புக்குத்தானே பிரீமியம் வாங்கினார்கள்?

அதே காரணத்தால், பாலிசி புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டுச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர்களைக் கண்டால் நமக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து வயது தாண்டிய காருக்கு அட்டவணை கிடையாது. பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு. "குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் சார்" என்று ஏஜெண்டு சொல்வார். குறையும்தான். முக்கால் பங்குக் கோடும் கூடவே இறங்கும். சின்ன விபத்துக்கே கார் டோட்டல் லாஸ் ஆகும். கிடைக்கிற தொகையும் சொற்பம். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவர்களுக்கோ, தங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு காசும் கிடையாது.

எங்கே போய்ச் சொல்வது?

முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்குக் கடிதம். வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலைக் கேளுங்கள். பொதுத் துறைக் கம்பெனியானால், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். சர்வேயர் எழுதிவிட்டால் அதுவே வேதம் என்று சிலர் சொல்லுவார்கள். அப்படி இல்லை. சர்வேயர் ரிப்போர்ட் முக்கியமானதுதான், ஆனால் அதுவே முடிந்த முடிவு அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மோட்டார் வண்டி வழக்கில் சொல்லியிருக்கிறது.

"முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். பணம் அவசரம் என்றால் கையெழுத்துப் போடத்தான் வேண்டியிருக்கும். போட்டுவிட்டால் எல்லா உரிமையும் போய்விடாது. அந்தக் கையெழுத்தைக் காட்டி வாடிக்கைக்காரரின் வாயை அடைக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும், "குறைவான தொகை என்ற ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆணையத்துக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். டோட்டல் லாஸ் என்று முடிவு செய்கிற கம்பெனி, அந்த முடிவோடு ஒரே தாளில் கணக்கையும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போடட்டும். ஐ.டி.வி. எவ்வளவு, கழிவு போக ரிப்பேர் செலவு எவ்வளவு, உடைசலுக்கு யார் யார் என்ன விலை கேட்டார்கள் என்பது அதில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் அந்தத் தாள் தமிழில் இருக்கட்டும். பிரீமியம் வாங்கும்போது தமிழில் பேசுகிறார்கள். பணம் கொடுக்கும்போது மட்டும் இங்கிலீஷ் எதற்கு?

கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லவில்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்ற நடுவரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். தமிழ்நாட்டுக்கான ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். பாலிசித் தாள், எஸ்டிமேட், சர்வேயர் ரிப்போர்ட், கடித நகல்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் கையோடு வைத்திருங்கள். அவர் கொடுக்கும் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் அதன்படி நடக்க வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது. அந்த முடிவு போதாது என்று தோன்றினால், மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருஷக் கெடு. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயும் கட்டணம் கிடையாது. நம் வீட்டுக் கார்களுக்கு அந்த அளவு பிரீமியம் கட்டுகிறவர் யார்?